பிரதியின் உழைப்பு

டேட்டாபேஸ் நிர்வாகம் என்னும் உத்தியோகத்தில் பல வருஷங்களைக் கழித்தவர்களிடம், அகால வேளையில் தொலைபேசியில் அவர்கள் மிகுதியும் கேட்டுப் பழகிய வாக்கியம் எது என்று விசாரித்தால், ‘சிபியு நூறு சதவீதம் போகிறது’ என்பதைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். அதைச் சொல்பவர் காரணத்தையே கண்டுபிடித்துவிட்ட நிச்சயத்தோடு சொல்வதும், கேட்பவர் உடனே எந்த க்வெரியை நிறுத்தலாம் என்று யோசிக்கத் தொடங்குவதும் இத்தொழிலில் சகஜம். என் அனுபவத்தில் அந்த எண் தெரிவிக்கும் செய்தி மிகவும் சொற்பம். இயந்திரம் சும்மா இருக்கவில்லை என்ற அளவோடு அது நின்றுவிடுகிறது. எந்த வேலை, யார் பொருட்டு, ஏன் இவ்வளவு என்பவற்றுக்கெல்லாம் விடை வேறிடங்களில் இருக்கிறது. ரெப்ளிகா சர்வரைப் பொறுத்தமட்டில் அந்த விடை, பல சமயங்களில், அந்த சர்வரிலேயே இருப்பதில்லை.

இதை விளங்கச் சொல்ல வேண்டுமானால் ரெப்ளிகாவின் சுபாவத்தைச் சற்று விஸ்தாரமாகவே கூற வேண்டியிருக்கிறது. நான் அதிகமாகப் பழகியது மைஎஸ்கியூஎல். 1995-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்துச் சிறு நிறுவனமொன்றிலிருந்து வெளிவந்த அந்த மென்பொருளில், ஒரு சர்வரில் நிகழும் மாறுதல்களை மற்றொரு சர்வருக்குக் கொண்டுசென்று அங்கும் நிகழ்த்தும் வசதி 2000-ஆம் ஆண்டில், 3.23-ஆம் பதிப்பின் காலத்தில், சேர்க்கப்பட்டது. மாறுதல்கள் முதலில் நிகழும் சர்வராகிய பிரைமரி, தான் செய்யும் ஒவ்வொரு மாறுதலையும் பைனரி லாக் என்ற கோப்பில் கிரமப்படி எழுதி வைக்கிறது. அதன் பிரதியாகிய ரெப்ளிகாவில் ஒரு த்ரெட் அந்தக் கோப்பை நெட்வொர்க் வழியே வாங்கி, ரிலே லாக் என்ற பெயரில் தன் டிஸ்கில் சேமிக்கிறது. இன்னொரு த்ரெட் அதைப் படித்து, படித்தபடியே செய்கிறது. முன்னதை ஐஓ த்ரெட் என்றும் பின்னதை எஸ்கியூஎல் த்ரெட் என்றும் சொல்வது வழக்கம். பின்னது வெகுகாலம் தன்னந்தனியாகவே உழைத்தது. பிற்காலப் பதிப்புகளில் அதற்குத் துணை கிடைத்தது என்றாலும், ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் அடங்கிய வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள இன்றும் வழியில்லை.

பைனரி லாக்கில் எதை எழுதுவது என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. இட்ட கட்டளையை அப்படியே எழுதுவது ஒன்று. கட்டளையின் விளைவாக எந்தெந்த வரிகள் எவ்விதம் மாறின என்பதை எழுதுவது மற்றொன்று. முதலாவது சிக்கனமானது, லட்சம் வரிகளை அழிக்கும் கட்டளையும் லாக்கில் ஒரே வாக்கியமாக அடங்கிவிடும். ஆனால் கட்டளை ஒன்றாயிருந்தும் விளைவு இரண்டிடத்திலும் ஒன்றாயிராமற் போகும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் புதிய மதிப்பைத் தரும் யுயுஐடி போன்ற ஃபங்ஷன்களைப் பயன்படுத்தினாலும், எந்தக் கிரமத்தில் என்று சொல்லாமல் ஆயிரம் வரிகளை அழிக்கும்படி லிமிட் போட்டு எழுதினாலும், பிரைமரியில் ஓர் ஆயிரமும் ரெப்ளிகாவில் வேறோர் ஆயிரமும் மறைந்து, காலக்கிரமத்தில் இரண்டும் வெவ்வேறு டேட்டாபேஸ்களாகிவிடக்கூடும். இந்த அபாயத்தை நீக்கும்பொருட்டு, மாறிய வரிகளையே எழுதும் முறை 5.1-ஆம் பதிப்பில் வந்தது, 2015-இல் 5.7.7-ஆம் பதிப்பு முதல், நாம் வேறுவிதமாகச் சொன்னாலொழிய அதுவே நடைமுறை என்றும் ஆயிற்று. நல்ல முடிவுதான், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அதன் பயனாக ஒரு விசித்திரமும் நேர்ந்தது. பழைய முறையில் ரெப்ளிகா பிரைமரியின் உழைப்பைத் திரும்பச் செய்தது. புதிய முறையிலோ பிரைமரியின் பலனை மட்டும் திரும்ப உண்டாக்குகிறது. பலன் ஒன்றாயிருக்க, அதற்குச் செலவாகும் உழைப்பு பிரைமரியினுடையதைவிடக் குறையவும் கூடும், பல்லாயிரம் மடங்கு பெருகவும் கூடும். பெரும்பாலும் குறைகிறது. நான் இங்கே சொல்ல எடுத்துக்கொண்டது பெருகிய கதை.

பணம் வசூலிக்கும் சேவையொன்றை நடத்திவந்த நிறுவனத்தில் அப்போது நான் வேலையாயிருந்தேன். பிரைமரி ஒன்று, ரெப்ளிகாக்கள் இரண்டு. மூன்றும் எட்டுக் கோர் கொண்ட இயந்திரங்கள். ரெப்ளிகாக்களில் ஒன்று, பிரைமரிக்கு ஏதேனும் நேர்ந்தால் அதன் ஸ்தானத்தை ஏற்பதற்காகக் காத்திருப்பது. மற்றொன்று கணக்குப் பிரிவினரின் அறிக்கைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. 5.6-ஆம் பதிப்பிலிருந்து 5.7-க்கு மாறிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. மாற்றம் யாதோர் இடையூறுமின்றி நடந்தேறியதென்று எல்லோரும் திருப்தியாயிருந்தோம். அந்த நிலையில், மாதக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலையில், அறிக்கை ரெப்ளிகாவின் சிபியு நூறைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது.

அறிக்கைகளுக்கென்று வைத்த சர்வரில் சிபியு ஏறினால் அறிக்கைகளின்மீது சந்தேகம் விழுவது இயற்கை. அதிலும் மாதக் கடைசி. இரவுப் பணியிலிருந்த இளைஞர் ஓடிக்கொண்டிருக்கும் க்வெரிகளின் பட்டியலை எடுத்து, ஒரே அறிக்கையின் க்வெரி பத்துப் பதினைந்து இடங்களில் ஒருசேர ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு, கணக்குப் பிரிவின் தலைவியைத் தொலைபேசியில் எழுப்பி, அறிக்கைகளை நிறுத்திவைக்க அனுமதி கேட்டார். அந்த அம்மையார் லேசில் இசைபவர் அல்லர். “இதே ரிப்போர்ட் ரெண்டு வருஷமா ஓடுது தம்பி. போன மாசம் ஓடினப்போ உங்க சர்வருக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டாராம். அன்று காலை கேட்கப்பட்ட கேள்விகளுக்குள்ளே அதுவே மிகச் சிறந்த கேள்வி என்பது என் அபிப்பிராயம். ஆயினும் அதை ஒரு கேள்வியாக எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. வேலை செய்ய விடாத பிடிவாதமாகவே எடுத்துக்கொண்டார்கள். முடிவில் அறிக்கைகள் நிறுத்தப்பட்டன. வரைபடமும் சில நிமிஷங்களில் நூறிலிருந்து பதின்மூன்றுக்குள் இறங்கியது.

நான் போய்ச் சேர்ந்தபோது இளைஞரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

“சிபியு இறங்கிடுச்சு சார். ரிப்போர்ட்தான் காரணம்.”

“லேக் எவ்வளவு இருக்கு?”

ரெப்ளிகா பிரைமரிக்கு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். “மூணு மணி நேரம் சார். இன்னும் ஏறிட்டுத்தான் இருக்கு.”

அறிக்கைகள்தாம் தடையாக இருந்தன என்றால், அவை விலகியவுடன் எஸ்கியூஎல் த்ரெட் வேகமெடுத்து, பின்தங்கிய தூரத்தைக் கடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அது தொடங்கவில்லை. பிரைமரியின் லாக்கில் எந்த இடம்வரை செய்து முடித்தாயிற்று என்று காட்டும் எண், அறிக்கைகளை நிறுத்துவதற்கு முன் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. மேலும், இறங்கிவிட்டது என்று சொல்லப்பட்ட அந்த வரைபடத்தில் எனக்கு நிம்மதி தரக்கூடியது எதுவும் இல்லை. எட்டுக் கோர்களில் ஒன்று மட்டும் முழுமையாக உழைத்தால் மொத்தத்தில் பன்னிரண்டரை சதவீதம் என்று காட்டும்; வரைபடம் அந்தப் பன்னிரண்டரையில் ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு நேர்கோடாக நின்றுகொண்டிருந்தது. மனிதர்கள் பயன்படுத்தும் சர்வரில் சிபியு ஏறும், இறங்கும். நேர்கோடு போட்டாற்போல் நிற்குமானால், ஒற்றை த்ரெட் எதற்கும் காத்திராமல் ஓடுகிறது என்று பெரும்பாலும் அனுமானித்துவிடலாம். இந்த அனுமானத்தைச் சோதிக்க ஓர் எளிய உபாயம் கையிலேயே இருந்தது. மற்றொரு ரெப்ளிகாவின் வரைபடத்தைத் திறந்தேன். அங்கே அறிக்கை கிடையாது. வாடிக்கையாளர் எவரும் அங்கே வருவதில்லை. ஆயினும் அதே விடியற்காலை நேரத்தில், அதே பன்னிரண்டரையில், அதே நேர்கோடு தொடங்கியிருந்தது. எண்பது சதவீதத்தைத் தாண்டினால் எழுப்பு என்று அலர்ட் வைத்திருந்தபடியால் அது எவரையும் எழுப்பவில்லை. பிரைமரியோ வழக்கம்போல் நிச்சிந்தையாக இருந்தது.

இவ்விடத்தில் டாப் என்னும் பழைய கட்டளையைப் பற்றிச் சில வார்த்தைகள். வண்ணவண்ணமான கண்காணிப்புத் திரைகள் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் நான் முதலில் அடிப்பது அதைத்தான். அதன் தலைவரிசையில் சிபியுவின் நேரம் இனம் பிரித்துக் காட்டப்படும்: நிரல்கள் தம் சொந்தக் கணக்கில் செலவிட்டது எவ்வளவு, கெர்னல் செலவிட்டது எவ்வளவு, டிஸ்க் பதில் சொல்லும்வரை வெறுமே காத்திருந்தது எவ்வளவு, மெய்நிகர் இயந்திரமாயிருந்தால் அடியிலுள்ள இயந்திரம் நமக்குத் தராமல் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது எவ்வளவு என்று அவை தனித்தனி. கடைசியாகச் சொன்னது பெருகியிருந்தால் டேட்டாபேஸில் தேடிப் பயனில்லை. டிஸ்க்குக்குக் காத்திருப்பது பெருகியிருந்தால் அது சிபியு பற்றிய பிரச்சினையே அன்று. லோட் ஆவரேஜ் என்று அருகிலேயே காட்டப்படும் மூன்று எண்களைச் சிபியுவின் அளவாக நினைத்துக்கொள்பவர்கள் அநேகர். லினக்ஸில் 1993 முதலாகவே டிஸ்குக்காகத் தடைப்பட்டு நிற்பவையும் அக்கணக்கில் சேர்க்கப்படுகின்றன என்பதால், சிபியு சும்மா இருக்கும்போதே அந்த எண் மலைபோல் உயரலாம். எங்கள் விஷயத்தில் குழப்பம் எதுவும் இருக்கவில்லை. கெர்னல் அமைதியாயிருந்தது, டிஸ்க் அமைதியாயிருந்தது. செலவு முழுவதும் நிரலின் சொந்தக் கணக்கு. பெரிய ஹெச் எழுத்தைத் தட்டி த்ரெட்களைப் பிரித்துப் பார்த்தால், ஒன்றே ஒன்று நூறு சதவீதத்தில் உச்சியில் நின்றது. 5.7-இல் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவின் த்ரெட் பட்டியலில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் இயங்குதளம் இட்ட எண்ணும் பதிவாகிறது. டாப் காட்டிய எண்ணை அதில் தேடினோம். எஸ்கியூஎல் த்ரெட்டே அது.

அது என்ன செய்கிறது என்று டேட்டாபேஸைக் கேட்டால், ‘சிஸ்டம் லாக்’ என்று பதில் வந்தது. அந்தப் பதிப்பில் பலரை வழிதவறச் செய்த பதில் இது. யாரோ எதையோ பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றெண்ணி, பூட்டியவரைத் தேடி இளைஞர் புறப்பட்டுவிட்டார். பூட்டுக்காகக் காத்திருக்கும் த்ரெட், சிபியுவை ஏன் இப்படித் தின்ன வேண்டும்? காத்திருப்பது வேறு, உழைப்பது வேறு. ஒரு கோரை முழுதாக எடுத்துக்கொண்டிருக்கும் த்ரெட் எதையோ செய்துகொண்டிருக்கிறது. வரிகளை மாற்றும் வேலையின்போதும் முந்தைய நிலையின் பெயரையே அப்பதிப்பு காட்டிக்கொண்டிருந்ததுதான் இதில் உள்ள ரகசியம். 8.0-இல் இதைத் திருத்தி, வரிகளை அழிக்கிறேன், வரிகளை மாற்றுகிறேன் என்று ஒழுங்காகச் சொல்ல வைத்திருக்கிறார்கள்.

சொல்வதை நம்ப முடியாதபோது, செய்வதைப் பார்க்க வேண்டியதுதான். 2009-ஆம் ஆண்டு முதல் லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்தே வரும் பெர்ஃப் என்ற கருவி, ஓடுகிற நிரலை ஒரு வினாடியில் பல தடவை எட்டிப் பார்த்து, அந்தந்தக் கணத்தில் எந்த ஃபங்ஷன் ஓடியது என்று கணக்கெடுத்துத் தருகிறது. அந்தக் கணக்கை அடுக்கடுக்கான பட்டைகளாக வரைந்து காட்டும் ஃப்ளேம் கிராஃப் முறையைப் பிரெண்டன் கிரெக் 2011-இல் ஏற்படுத்தினார். அதற்கு அவரைத் தூண்டியதும் மைஎஸ்கியூஎல் சர்வரொன்றின் சிபியு செலவுதான் என்பதை அறிந்தபோது, எங்கள் தொழிலுக்கு ஒரு பெருமை கிடைத்ததாகவே எனக்குத் தோன்றியது. நிரலின் உள்ளே இவ்விதம் எட்டிப் பார்க்கும் வழக்கத்தை நான் மேற்கொண்டதற்கு வேறொரு சம்பவமும் காரணம். 2012-ஆம் வருஷம் ஜூன் 30-ஆம் தேதி உலக நேரக் கணக்கில் ஒரு வினாடியைக் கூட்டினார்கள். இந்தியாவில் அப்போது ஜூலை முதல் தேதி காலை 5.30. அந்தக் கணம் முதல் உலகெங்கும் எத்தனையோ லினக்ஸ் சர்வர்களில், க்வெரி எதுவும் இல்லாமலே மைஎஸ்கியூஎல் சிபியுவை உறிஞ்சத் தொடங்கியது. கெர்னலின் கடிகாரத்தில் நேர்ந்த ஒரு பிழையால், உறங்கச் சென்ற த்ரெட்கள் உறங்க முடியாமல் உடனுக்குடன் விழித்துக்கொண்டிருந்தன. சர்வரின் தேதியை அதே தேதியாகவே மீண்டும் ஒருமுறை அமைத்தால் போதும், எல்லாம் சாந்தமாகிவிடும். க்வெரிப் பட்டியலை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருந்தாலும் அன்று விடை கிடைத்திராது.

எங்கள் ரெப்ளிகாவில் பெர்ஃப் காட்டியது மிகத் தெளிவாயிருந்தது. டேபிள் முழுவதையும் வருடிச்சென்று வரியைக் கண்டுபிடிப்பதற்கென்றே உள்ள ஃபங்ஷன், அதன் கீழே அடுத்த வரிக்கு நகர்வது, அதற்கும் கீழே ஒப்பிடுவது; செலவில் ஏறக்குறைய முழுவதும் அந்த மூன்றிலேயே அடங்கிவிட்டது. அழிக்கும் வேலை கண்ணுக்கே தெரியாத சிறு கீற்று. எந்த டேபிள் என்பதுதான் மிச்சம். த்ரெட் நின்றுவிட்ட இடத்தின் எண்ணைக் கொண்டு பிரைமரியின் பைனரி லாக்கை, வரிகளை மனிதர் படிக்கும்படி விரித்துக் காட்டும் கட்டளையால் திறந்தோம். திரைக்குத் திரை, பக்கத்துக்குப் பக்கம், ஒரே டேபிளிலிருந்து ஒவ்வொரு வரியாக அழிக்கும் பதிவுகள். வங்கியோடு கணக்குத் தீர்ந்துபோன பரிவர்த்தனைகளை மாதம் ஒருமுறை களையும் ஒரு வேலை உண்டு. அதுதான் விடியற்காலையில் ஓடியது. டேபிளில் சுமார் 20 லட்சம் வரிகள். அழிக்கப்பட்டவை 50 ஆயிரத்துக்குச் சமீபம். அவை ஓரிடத்தில் சேர்ந்தில்லாமல் டேபிள் முழுதும் சிதறிக் கிடந்தவை. ஒவ்வொரு வரியையும் தனித்து இனங்காட்டும் பிரைமரி கீ அந்த டேபிளுக்கு இல்லை. வேறு இண்டெக்ஸும் இல்லை.

பிரைமரியில் இது ஒரு கட்டளை. டேபிளை ஒரே ஒரு தடவை முதலிலிருந்து கடைசிவரை பார்த்து, நிபந்தனைக்கு உட்பட்ட வரிகளை எல்லாம் அழித்துக்கொண்டே போகிறது. சில வினாடிகளில் முடிகிற காரியம். ரெப்ளிகாவுக்கு வந்து சேர்வதோ 50 ஆயிரம் தனித்தனி வரிகள். கதவிலக்கம் இல்லாத ஒரு நீண்ட தெருவில், உறையின்மேல் பெயரும் அங்க அடையாளமும் மட்டும் எழுதிய 50 ஆயிரம் கடிதங்களை விநியோகிக்க வந்த தபால்காரரை எண்ணிப் பார்த்தால் அதன் சங்கடம் விளங்கும்: ஒரு கடிதத்தை எடுத்து, தெருமுனையிலிருந்து ஒவ்வொரு வீடாக விசாரித்துக்கொண்டு வந்து, உரியவரைக் கண்டு கொடுத்துவிட்டு, அடுத்த கடிதத்துக்காக அவர் மறுபடியும் தெருமுனைக்கே திரும்புகிறார். சராசரியாக ஒவ்வொரு வரிக்கும் பாதி டேபிள், அதாவது 10 லட்சம் வரிகளை ஒப்பிட வேண்டுமானால், 50 ஆயிரத்துக்கு 5,000 கோடி ஒப்பீடுகள். டேபிள் முழுவதும் நினைவகத்தில் இருந்ததால் டிஸ்குக்குச் செல்ல அவசியமே நேரவில்லை. எல்லாம் சிபியுவின் தலையில் விழுந்தது. வினாடிக்கு 20 லட்சம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 25 ஆயிரம் வினாடிகள். கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். பிரைமரியில் வினாடிகளில் முடிந்த வேலைக்கு இது கூலி.

மைஎஸ்கியூஎலின் சேமிப்பு எஞ்சினாகிய இன்னோடிபியை நன்கு அறிந்தவர்கள் இங்கே ஓர் ஆட்சேபம் எழுப்பலாம். பிரைமரி கீ இல்லாத டேபிளுக்கும் அது ரகசியமாக 6 பைட் கொண்ட ஒரு வரி எண்ணைத் தானே இட்டு, அதைக் கொண்டே வரிகளை அடுக்கி வைக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் என்ன என்று. அந்த எண் ஒவ்வொரு சர்வரும் தனக்குத் தானே இட்டுக்கொள்வது. பிரைமரியில் ஒரு வரிக்கு உள்ள எண் ரெப்ளிகாவில் அதே வரிக்கு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. லாக்கிலும் அது எழுதப்படுவதில்லை. ஆகவே வரியின் எல்லாப் பத்திகளையும் வைத்து ஒப்பிடுவதைத் தவிர அந்த த்ரெட்டுக்கு வேறு கதியில்லை.

இப்போது கணக்குப் பிரிவுத் தலைவியின் கேள்விக்குத் திரும்பலாம். போன மாதம் ஏன் ஒன்றும் ஆகவில்லை? போன மாதம் நாங்கள் 5.6-இல் இருந்தோம். எந்த முறையில் லாக் எழுத வேண்டும் என்று எங்கள் அமைப்புக் கோப்பில் எவரும் எழுதி வைக்கவில்லை, ஆகையால் 5.6-இன் வழக்கப்படி கட்டளையே லாக்கில் போயிற்று, ரெப்ளிகாவும் பிரைமரியைப் போல ஒரே தடவை டேபிளைப் பார்த்து வேலையை முடித்தது. 5.7 வந்ததும், நாங்கள் ஓர் எழுத்தையும் மாற்றாமலே, லாக்கின் முறை மாறிவிட்டது. மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் வேலையாகையால் மாற்றத்தின் விளைவு மாதக் கடைசிவரை ஒளிந்திருந்தது. அறிக்கைகள் பதினைந்தாகப் பெருகியதற்கும் காரணம் கிடைத்தது. அறிக்கை நிரல், சேர்ந்திருக்கும் கடைசிப் பரிவர்த்தனையின் நேரத்தைப் பார்த்து, அது பழையதாயிருந்தால் குறிப்பிட்ட இடைவெளிக்குப் பின் மறுபடி முதலிலிருந்து முயலும்படி எழுதப்பட்டிருந்தது. முந்தைய முயற்சி முடிந்ததா என்று பார்க்க அதற்குச் சொல்லித்தரவில்லை. ரெப்ளிகா பின்தங்கப் பின்தங்க, அறிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. நாங்கள் காரணம் என்று பிடித்துவைத்தது காரியமாகவே இருந்தது.

பரிகாரத்தில் அவசரத்துக்கு உரியது ஒன்று, நிலையானது ஒன்று. அவசரத்துக்கு, ஏழு மணி நேரத்தையும் பொறுத்துக்கொள்வது ஒரு வழி. வேறு வேலை எதுவும் கெட்டுவிடாத இடத்தில் அதுவே உத்தமமான வழியும்கூட. ஆனால் பிரைமரியின் ஸ்தானத்தை ஏற்க வேண்டிய ரெப்ளிகா அரைநாள் பின்தங்கி நிற்பதை எங்களால் சகிக்க முடியவில்லை. இழந்தாலும் பெரிய நஷ்டமில்லாத அறிக்கை ரெப்ளிகாவில் முதலில் பரீட்சித்துப் பார்ப்பதென்று தீர்மானித்தோம். எஸ்கியூஎல் த்ரெட்டை நிறுத்தினால், அதுவரை அழித்த வரிகளை எல்லாம் மீண்டும் உயிர்ப்பித்த பிறகே அது நிற்கும். அழிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று என்றால் உயிர்ப்பிக்க எவ்வளவு ஆகுமோ என்று இளைஞருக்குக் கவலை. அது சொற்ப நேரத்திலேயே முடிந்தது. திரும்பப் போகும்போது இன்னோடிபி மேற்சொன்ன தன் ரகசிய எண்ணைக் கொண்டே நேராக வரியை அடைகிறது, தேடும் வேலையே அதற்கு இல்லை. நின்றபின், பரிவர்த்தனை எண் இருந்த பத்தியின்மேல் ஓர் இண்டெக்ஸ் போட்டோம், அந்த மாறுதல் ரெப்ளிகாவின் சொந்த பைனரி லாக்கில் பதியாதபடி அடைத்துவிட்டு. ரெப்ளிகாவில் மட்டும் ஓர் இண்டெக்ஸ் அதிகமாயிருப்பதில் தோஷமில்லை. வரியைத் தேடும்போது தன்னிடம் என்ன இண்டெக்ஸ் இருக்கிறதோ அதையே அது பயன்படுத்துகிறது. 5.6 முதல் வந்த ஹாஷ் ஸ்கேன் என்ற மாற்றுவழியையும் ஆலோசித்தோம். லாக்கில் ஒரு கட்டாக வரும் வரிகளை எல்லாம் சேர்த்துக்கொண்டு டேபிளை ஒரே தடவை பார்க்கும் ஏற்பாடு அது, 8.0-இல் தானாகவே நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆனால் கட்டு ஒன்றின் அளவு சாதாரணமாக 8 கிலோபைட் மட்டுமே. நடைகள் குறையுமே ஒழிய நீங்கா. இண்டெக்ஸ் போட்டபின் த்ரெட்டைத் தொடக்கினோம். மூன்று மணி நேரமாக நகராதிருந்த எண் ஒரு நிமிஷத்துக்குள் அந்த டிரான்ஸாக்ஷனைக் கடந்தது. பிறகு மற்ற ரெப்ளிகாவிலும் அப்படியே.

நிலையான பரிகாரம் பிரைமரியில் அந்த டேபிளுக்கு ஒரு பிரைமரி கீ அமைப்பது. இதில் தொழில்நுட்பத்தைவிட மனிதர்களை இசைவிப்பதே சிரமமாயிருந்தது. நிரலாளர் ஒருவர் உண்மையாகவே வியந்து கேட்டார்: “பிரைமரில ரெண்டு செகண்ட்ல முடியுதே சார், அதுல என்ன தப்பு?” பிரைமரியை மட்டும் பார்ப்பவருக்கு அதில் தப்பே தெரியாது; கடன் வாங்குபவர் ஒருவர், அடைப்பவர் வேறொருவர் என்ற இந்த ஏற்பாட்டில், வாங்குபவரிடம் கணக்குக் காட்டுவது எங்களைப் போன்றவர்களின் கடமை. 5,000 கோடி என்ற எண்ணை எழுதிக் காட்டினேன். மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார், தொழிலில் நல்லவர். அந்த டேபிள் கீயை இழந்த வரலாற்றையும் அவரே தேடி எடுத்தார். வெகுகாலத்துக்கு முன் எவரோ பழைய டேபிளிலிருந்து வேண்டிய வரிகளை மட்டும் தெரிந்தெடுத்து, அந்தத் தெரிவிலிருந்தே புதிய டேபிளை ஒரே கட்டளையில் உண்டாக்கி, பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைத்திருக்கிறார்கள். அவ்விதம் உண்டாக்கும்போது பத்திகளும் வரிகளும் வரும். கீயும் இண்டெக்ஸும் வரா.

மைஎஸ்கியூஎலை ஆக்குபவர்களும் இதை உணராமல் இல்லை. பிரைமரி கீ இல்லாத டேபிளை உண்டாக்கவே விடாத ஒரு கட்டுப்பாடு 8.0.13-இல் வந்தது, கீ கொடுக்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தானே சேர்த்துவிடும் வசதி 8.0.30-இல் வந்தது. இரண்டையும் அணைத்தே வைத்து அனுப்புகிறார்கள். பழைய நிரல்கள் உடைந்துபோகுமே என்ற அச்சம் நியாயமானதுதான்; ஆனால் புதிதாகத் தொடங்குகிற எந்த இடத்திலும் முதலாவதை ஏற்றி வைக்கும்படியே நான் சொல்லிவருகிறேன்.

கீ இல்லாத டேபிள்கள் வேறு உண்டா என்று இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் தேடியபோது ஒரு சிறு பட்டியலே கிடைத்தது. அநேகமாக எல்லாம் பெயரின் கடைசியில் தேதி ஒட்டிய நகல்கள்; எப்போதோ ஒரு மாறுதலுக்கு முன் ஜாக்கிரதைக்காக எடுத்துவைத்து, பிறகு மறக்கப்பட்டவை. அவற்றை உரியவர்களைக் கேட்டு அழித்தோம். ஒன்றுக்கு மட்டும் உரியவரே அகப்படவில்லை. ஆனால் அதில் தினமும் வரிகள் சேர்ந்துகொண்டிருந்தன. அதற்கும் ஒரு கீயைப் போட்டு விட்டுவிட்டோம்.

அலர்ட்டையும் மாற்றினோம், மொத்தச் சிபியுவைப் பார்ப்பதோடு, தனி கோர் ஒன்று நெடுநேரம் நூறில் நின்றாலும் எழுப்பும்படியும், இரண்டு ரெப்ளிகாக்களிலும் லேக்கைக் கவனிக்கும்படியும். அறிக்கை நிரலைத் திருத்துவது மற்றொரு குழுவின் பொறுப்பு. அவர்களுக்கு அவகாசம் கிடைக்கும்வரை, அறிக்கைகள் உபயோகிக்கும் கணக்குக்கு ஒரே சமயத்தில் நான்கு இணைப்புகளுக்குமேல் தரக்கூடாதென்று வரம்பு கட்டினேன். அடுத்த மாதக் கடைசியில் கணக்குப் பிரிவுத் தலைவியிடமிருந்து தொலைபேசி வந்தது. சர்வரைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாவது அறிக்கையை ஏன் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று கேட்டார்.